சிகரெட் விலை ஏறினால் எந்த வயதுக்காரர் குறைக்கிறார், குடி கூடுகிறதா குறைகிறதா?

செந்தூரம் | 8 பிப்ரவரி 2026, இரவு 9:40

பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40% ஜிஎஸ்டி. அதுபோக நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு ₹2,050 முதல் ₹8,500 வரை கலால் வரி. "விலையை ஏத்தினா எல்லாரும் நிறுத்திடுவாங்க"ன்னு ஒரு கட்சி. "எவனும் நிறுத்த மாட்டான், டாஸ்மாக்ல போய்க் கூடக் குடிப்பான்"னு இன்னொரு கட்சி.

என் வாதம் மூணு. ஒண்ணு, விலையேற்றம் பெரியவங்களை ஒண்ணும் செய்யாது. ரெண்டு, பசங்களைத் தடுக்கும். மூணு, குடிக்கும் சிகரெட் விலைக்கும் சம்பந்தமே இல்லை. மறுக்கிறவங்க எண்ணோட வாங்க.

வரிக்கணக்கு | 8 பிப்ரவரி, இரவு 11:15

இரண்டாவது மட்டும் ஓரளவு சரி.

முதலில் எந்த விலையைச் சொல்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். பாக்கெட்டில் அச்சடித்த எண்ணை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். 65 மி.மீ.க்குள் அடங்கும் ஃபில்டர் சிகரெட்டை எடுங்கள். 2017 ஜூலையில் இழப்பீட்டு செஸ் ஆயிரத்துக்கு ₹2,076, கூடவே 5% என்று வைத்தார்கள். 2026 ஜனவரி வரை அந்த ₹2,076 நகரவே இல்லை. நடுவில் முக்கியமாகக் கூடியது பேரிடர் நிதிக்கான வரி (என்சிசிடி): 2020 பட்ஜெட்டில் ₹90லிருந்து ₹440, 2023இல் ₹510. ஒரு சிகரெட்டுக்குப் பிரித்தால் எட்டரை வருடத்தில் 42 காசு. அதே காலத்தில் கூலியும் சம்பளமும் எவ்வளவு ஏறின என்று நினைத்துப் பாருங்கள். கடையில் விலை ஏறியதுபோல் தெரிந்தாலும் கையில் இருக்கும் காசுக்கு சிகரெட் எட்டாத பொருளாகவில்லை.

இதை அளக்க ஒரு வழி உண்டு. 100 பாக்கெட், அதாவது 2,000 சிகரெட் வாங்க, தலைக்கு வரும் ஆண்டு வருமானத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்று பாருங்கள். அந்தச் சதவீதம் ஏறினால்தான் விலை ஏறியதாக அர்த்தம். வருமானம் 9% கூடும் ஆண்டில் சிகரெட் 6% ஏறினால், வாங்குபவருக்கு அது விலைக் குறைப்பு.

இனி உங்கள் முதல் வாதம். விலை 10% ஏறினால் பணக்கார நாடுகளில் நுகர்வு 4% அளவுக்குக் குறைகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் 2 முதல் 8% வரை, பெரும்பாலான மதிப்பீடுகள் 5%ஐ ஒட்டி. அதில் ஏறத்தாழப் பாதி, ஆட்கள் நிறுத்துவதாலும் தொடங்காமல் இருப்பதாலும் வருவது. மறுபாதி, பிடிப்பவர்கள் எண்ணிக்கையைக் குறைப்பதால் வருவது. பிரான்சில் 1990 முதல் 2005 வரை பணவீக்கம் போக விலை மூன்று மடங்கானது, விற்பனை பாதியானது. பெரியவர்கள் அசையாமல் இருந்தால் இப்படி நடக்காது.

புள்ளிவிவரம் | 9 பிப்ரவரி, காலை 7:05

வயதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக.

இளையவர்களின் விலை உணர்வு (விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறைகிறது என்ற அளவு) பெரியவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்று பழைய அமெரிக்க ஆய்வுகள் சொல்லின. காரணம் புரிகிறது. கையில் காசு குறைவு, அடிமைத்தனம் இன்னும் இறுகவில்லை, ஒருவன் விட்டால் கூட்டாளியும் விடுகிறான். ஆனால் இதை மொத்தமாக "பசங்க" என்று எடுத்தால் தவறிப்போகும். மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும்.

முதல் இழுப்பு: இதில் விலையின் பங்கு குறைவு. முதல் சிகரெட்டை யாரும் வாங்குவதில்லை, நண்பன் கொடுக்கிறான்.

எப்போதாவது பிடிப்பவன் தினமும் பிடிப்பவனாக மாறுவது: விலை அதிகம் வேலை செய்யும் இடம் இதுதான். ஓசியில் கிடைப்பது நின்று சொந்தக் காசில் வாங்கத் தொடங்கும் நேரம்.

தினசரி எண்ணிக்கை கூடுவது: இதிலும் விலை தெரியும், ஆனால் முன்னதைவிடக் குறைவு.

இந்தியக் கணக்கு இரண்டு. 2009-10 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் 15-24 வயதில் 18.4% பேர் ஏதாவது ஒரு புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17இல் 12.4%. தொடங்கும் சராசரி வயது 17.9லிருந்து 18.9 ஆனது. நாடு முழுக்க எல்லா வயதிலும் 34.6% என்பது 28.6% ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் எதிர்த்திசை: 16.2% இருந்தது 20.0% ஆனது. மத்தியக் கலால் வரி நாடு முழுக்க ஒன்றுதான். அதனால் நம் ஊர் ஏற்றத்தை விலையை மட்டும் வைத்து விளக்க முடியாது.

மொத்தவிற்பனை | 9 பிப்ரவரி, மதியம் 1:20

வரிக்கணக்கு சொல்றது பாக்கெட் வாங்குறவங்களுக்குச் சரி. பெட்டிக்கடையில போறதுல பெரும்பகுதி லூஸ். லூஸுக்கு வேற கணக்கு.

பத்து சிகரெட் பாக்கெட் ₹110னு வைங்க. ஒண்ணு ₹11. கடைக்காரர் ₹12க்குக் குடுப்பாரு. அடுத்த ஏத்தத்துல பாக்கெட் ₹118 ஆனா ஒண்ணு ₹11.80. ஆனா லூஸ் அதே ₹12ல நிக்கும், லாபம் குறையும், அவரு பொறுத்துக்குவாரு. பாக்கெட் ₹128 ஆகும்போது லூஸ் ஒரே தாவா ₹15. சில்லறை பிரச்சனை வேற இருக்கு, ₹13, ₹14க்கெல்லாம் காசு எண்ண யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால லூஸ் வாங்குற பையனுக்கு வரி சின்னச் சின்னதா ஏறினா தெரியவே தெரியாது. தாவும்போது மட்டும்தான் உறைக்கும்.

இன்னொண்ணு. பட்ஜெட்டுக்கு முன்னாடி சரக்கு பிடிச்சு வைக்கிறது வழக்கம். பழைய எம்ஆர்பி பாக்கெட்டை அப்படியே வித்தா பழைய விலைக்குத்தான் விக்கணும். பிரிச்சு லூஸா வித்தா புது ரேட்டு. லூஸுல எம்ஆர்பி தெரியாதே. அதனால வரி ஏறின முதல் ரெண்டு மூணு வாரம் லூஸ் விலையும் பாக்கெட் விலையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. அந்த நேரத்துல கடைகடையா விலை கேட்டு எழுதுற ஆய்வை நம்பாதீங்க.

செந்தூரம் | 9 பிப்ரவரி, மாலை 6:32

அப்போ லூஸ் விற்பனைக்குத் தடை போட்டா பசங்களுக்கு நேரடியா உறைக்குமே. பாக்கெட்டா வாங்கக் காசு இருக்காது.

வரிக்கணக்கு | 9 பிப்ரவரி, இரவு 8:50

மகாராஷ்டிராவில் 2020 செப்டம்பரில் லூஸ் விற்பனைக்குத் தடை வந்தது. 2003ஆம் ஆண்டு மத்தியப் புகையிலைச் சட்டத்தைத் திருத்த 2020இல் வந்த வரைவிலும் அது இருந்தது, கூடவே வாங்கும் வயதை 18லிருந்து 21 ஆக்குவதும். அந்த வரைவு வரைவாகவே கிடக்கிறது.

லூஸ் விற்பனையில் விலையைத் தாண்டிய கேடும் இருக்கிறது. பாக்கெட்டின் 85% பரப்பில் எச்சரிக்கைப் படம், நிறுத்த உதவும் இலவச எண் 1800-11-2356 எல்லாம் அச்சடித்திருக்கிறது. லூஸ் வாங்குபவர் கண்ணில் எதுவுமே படாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்பது 2003 சட்டம். அபராதம் ₹200. அதே விற்பனைக்கு 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இப்படி ஒரு பிரிவு இருப்பது ஸ்டேஷனிலும் பள்ளிக்கூடத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

தென்காசிக்காரன் | 10 பிப்ரவரி, காலை 6:45

எல்லாரும் சிகரெட்டையே பேசிட்டு இருக்கீங்க. பீடியை எங்க விட்டீங்க?

2016-17 கணக்குலயே நாட்டுல சிகரெட் பிடிக்கிறவங்க 4.0%, பீடி 7.7%. இப்போ சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 40 ஆச்சு. பீடிக்கு 28ல இருந்து 18ஆ இறங்கிருச்சு. பீடி இலைக்கு 5. மத்த வரியெல்லாம் பீடிக்குப் பேருக்குத்தான். ரெண்டுக்கும் நடுவுல இருந்த பள்ளம் ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் வெட்டி அகலமாச்சு.

நாப்பது, அம்பது வயசுக்கு மேல கூலி வேலைக்குப் போற ஆளு சிகரெட் ₹3 கூடினதும் என்ன செய்வாரு? வேலை நேரத்துல பீடி, சாயங்காலம் டீக்கடையில நாலு பேர் நடுவுல நிக்கும்போது மட்டும் சிகரெட். பையன் அப்படி மாற மாட்டான். காலேஜ் பையனுக்குப் பீடி பிடிக்கிறது வெக்கம். அவன் நீளமான சிகரெட்டை விட்டுட்டுச் சின்ன சிகரெட்டுக்கு இறங்குவான், இல்ல வாயில வைக்கிற புகையிலைப் பொருளுக்குப் போவான்.

பீடி ஏத்தினா சுத்துற பொம்பளைங்க வயித்துல அடிக்கிறதா வாதம் வரும். நெல்லை, தென்காசிப் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. இலை வருது மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துல இருந்து. இங்க இலையை வெட்டி, தூள் வச்சுச் சுருட்டி, நூல் கட்டி, எண்ணிக் குடுக்கிறது. சுருட்டுறவங்க மூச்சிலும் தோல்லயும் தூள் இறங்குது. வரியைக் குறைச்சது அவங்க கூலியா வந்து சேரும்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா? வரியை ஏத்துங்க, வர்ற காசுல அவங்களுக்கு வேற தொழில் கட்டிக் குடுங்க. அதை விட்டுட்டு அவங்க பேரைச் சொல்லிப் பீடியை மலிவாக்குறது அநியாயம்.

புள்ளிவிவரம் | 10 பிப்ரவரி, காலை 9:10

தென்காசிக்காரன் சொன்னதுதான் இந்த இழையின் மையம். வரிச்சுமையைப் பழைய முறையில் கணக்கிட்டபோது சிகரெட்டின் சில்லறை விலையில் 52-53%, பீடியில் 22%. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 75%. இந்தியக் குடும்பச் செலவுத் தரவை வைத்துச் செய்த மதிப்பீடுகளில் பீடியின் விலை உணர்வு சிகரெட்டைவிடப் பல மடங்கு. பீடி விலை 10% ஏறினால் 9% வரை நுகர்வு குறையும் என்ற அளவுக்கு. ஏழைகள் விலைக்கு அதிகம் அசைகிறார்கள் என்பதே காரணம். வயது கூடக்கூட விலை உணர்வு குறையும் என்ற பொது விதியும் இங்கே அப்படியே பொருந்தாது. 55 வயதுக் கூலித்தொழிலாளி, சம்பளக்கார 30 வயதுக்காரரைவிட அதிகம் அசைவார். வயதையும் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்காத அட்டவணைக்கு நம் ஊரில் பயன் குறைவு.

பீடியில் இன்னொரு சிக்கல். இலை காற்றுப் புகாதது, அடிக்கடி அணையும், அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புகையிலை குறைவு, ஆனாலும் உள்ளே போகும் தாரும் நிகோடினும் சிகரெட்டைவிடக் குறைவில்லை. எனவே சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறியவரை "குறைத்தவர்" பட்டியலில் எழுதக்கூடாது.

செந்தூரம் | 10 பிப்ரவரி, இரவு 10:02

வாயில வைக்கிற பொருள்னு சொன்னது கூல் லிப்தானே?

தென்காசிக்காரன் | 10 பிப்ரவரி, இரவு 10:30

அதேதான். கூல் லிப், ஹான்ஸ். தமிழ்நாட்டுல தடை, ஆனா கிடைக்குது. 2024ல மதுரைக் கிளையில உயர் நீதிமன்றமே பள்ளிப் பிள்ளைங்க கைல கூல் லிப் இருக்குறதைப் பத்திக் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டுச்சு. புகை கிடையாது, வாசம் கிடையாது, உதட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வகுப்புலயே உக்காரலாம். சிகரெட் விலையை மட்டும் ஏத்திட்டு இதைப் பிடிக்காம விட்டா 15 வயசுக்காரன் கணக்குல இருந்து மறைஞ்சு போவான். "புகை பிடிக்கிறாயா"ன்னு கேட்டா "இல்லை"ன்னு உண்மையைத்தான் சொல்லுவான்.

ஆலோசகர்_மதுரை | 11 பிப்ரவரி, மாலை 5:15

குடியைப் பற்றி யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. புகை நிறுத்த வருவோரிடம் வேலை செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சம்பந்தம் இல்லை என்பது நடப்புக்கு ஒத்துவராது. குடிக்கும்போது சிகரெட் எண்ணிக்கை ஏறும். ஒரு குவார்ட்டருக்கு நான்கைந்து என்பது சாதாரணம். நாளெல்லாம் தொடாதவர்கூட மேசையில் உட்கார்ந்தால் தொடுகிறார். நிகோடினும் மதுவும் மூளையில் ஒரே இன்பப் பாதையைத் தூண்டுகின்றன, ஒன்று மற்றதன் ஆசையைக் கிளப்பும். புகையை விட்டவர்கள் மறுபடி பிடிக்கும் சந்தர்ப்பங்களைக் கேட்டுப் பாருங்கள், குடி மேசை முன்வரிசையில் இருக்கும்.

சிகரெட் விலை ஏறினால் குடி என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சில அமெரிக்க ஆய்வுகளில் சிகரெட் வரி ஏறியபோது புகை பிடிக்கும் ஆண்களில் குடியின் அளவும் சற்றுக் குறைந்தது. வேறு ஒன்றில் சிகரெட் விலை ஏறினால் குடி கொஞ்சம் கூடியது. அதே ஆய்வில் மது விலை ஏறியபோது இரண்டும் குறைந்தன. இதில் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன்: மதுவின் விலை புகையை இழுத்துக்கொண்டு போவது, சிகரெட் விலை மதுவை இழுப்பதைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

வரிக்கணக்கு | 11 பிப்ரவரி, இரவு 9:00

நம் ஊரில் இரண்டையும் ஒரே கை ஆட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகரெட் வரி மத்திய அரசு, ஜிஎஸ்டி மன்றம். மது ஜிஎஸ்டிக்கு வெளியே, முழுக்க மாநிலம். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக்கிடம். 2024-25இல் அதில் வந்த வருவாய் ₹48,000 கோடிக்கு மேல். 2024 பிப்ரவரியில் சாதாரண, நடுத்தர ரகக் குவார்ட்டருக்கு ₹10, உயர்ரகத்துக்கு ₹20 ஏறியது. ஒரு மாலைக்கு ஒரு குவார்ட்டர், ஐந்து சிகரெட் என்று கொள்வோம். சிகரெட் ஒன்றுக்கு ₹3 ஏறினால் ₹15 கூடுகிறது. குவார்ட்டருக்கு ஏறிய ₹10ஐவிட அதிகம். அந்த மாலையின் மொத்தச் செலவில்தான் மனிதர் முடிவெடுக்கிறார், இரண்டு தனித்தனிப் பெட்டியில் வைத்து எண்ணுவதில்லை.

வாங்கும் வயதும் பொருந்தவில்லை. மதுவுக்கு இங்கே 21, புகையிலைக்கு 18. இடையில் உள்ள மூன்று வருடம்தான் எப்போதாவது பிடிப்பவன் தினசரிக்காரன் ஆகும் வயது.

இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டிய நாடு பிலிப்பைன்ஸ். 2012 டிசம்பர் சட்டம் ஒன்றிலேயே புகையிலைக்கும் மதுவுக்கும் வரியை ஏற்றி, சிகரெட்டின் நாலு விலைப்படிகளைப் படிப்படியாக ஒழித்து, 2017இல் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே வரியாக 30 பெசோ ஆக்கினார்கள். கீழ்ப்படி இல்லாததால் மலிவுக்கு இறங்குவது கடினமானது. 2009இல் 29.7% ஆக இருந்த புகையிலைப் பயன்பாடு 2015இல் 23.8%. நம்மிடம் நீளவாரியாகப் படிகள், அதற்கும் கீழே பீடி. இறங்கிப்போக ஏணியை நாமே வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

மொத்தவிற்பனை | 12 பிப்ரவரி, காலை 11:40

ஏத்திட்டே போனா கடத்தல் வரும். 85% படம் இல்லாத வெளிநாட்டுப் பாக்கெட் இப்பவே கிடைக்குது. வரி கட்டாத சரக்குல கடைக்காரருக்கு லாபம் அதிகம்.

வரிக்கணக்கு | 12 பிப்ரவரி, மதியம் 12:55

வரும். ஆஸ்திரேலியாவில் 2013 டிசம்பரில் தொடங்கி 2020 வரை ஆண்டுக்கு 12.5% ஏற்றினார்கள். பாக்கெட் 40 டாலரைத் தாண்டியது. திருட்டுச் சரக்கு பெருகி, மெல்பர்னில் 2023 முதல் புகையிலைக் கடைகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது. அங்கே வரி ஏறிய வேகத்துக்கு எல்லைக் காவலும் கடை உரிமச் சோதனையும் ஏறவில்லை. நம் வரி அந்த உயரத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. கடத்தலைக் காட்டி வரியை நிறுத்தச் சொன்னால், பீடிக்கு வரி குறைத்ததற்கு என்ன காரணம் சொல்வது? பீடியை யாரும் கடத்தி வரவில்லையே.

புள்ளிவிவரம் | 12 பிப்ரவரி, இரவு 8:20

எண் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் பான், புகையிலை, மது முதலான போதைப்பொருளுக்குக் கிராமத்தில் மாதச் செலவில் 3.8%, நகரத்தில் 2.4%. உண்மை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வீட்டில் பதில் சொல்வது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ. மகன் பிடிப்பது அவருக்குத் தெரியாது, கணவர் குடிப்பதன் பாதிதான் தெரியும். இளைஞர்களின் செலவு இந்தத் தரவில் ஏறக்குறைய மறைந்தே போகிறது. வயதுவாரி விலை உணர்வை இதிலிருந்து எடுத்தால் பெரியவர்களின் எண் மட்டும்தான் ஓரளவு தேறும்.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) இன்னொரு கணக்கைத் தருகிறது. தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேல் ஆண்களில் புகையிலை 20.1%, மது 25.4%. நாடு முழுக்க ஆண்களில் புகையிலை 38%, மது 19% அளவு. அதாவது நாட்டில் புகையிலை மதுவைவிட இரண்டு மடங்கு, நம்மிடம் மது புகையிலையை முந்துகிறது. வட மாநிலத் தரவில் கண்ட புகை-குடி உறவை அப்படியே இங்கே ஒட்டவைக்கக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

செந்தூரம் | 13 பிப்ரவரி, காலை 8:15

மூணாவது வாதத்தை எடுத்துக்கிறேன், நிக்காது. முதலாவதுல "பெரியவங்க"ன்னு ஒரே மூட்டையா கட்டக்கூடாதுன்னு புரியுது. ஒரே கேள்வி: விலை ஏறினதும் நிறுத்தணும்னு நினைக்கிற 45 வயசுக்காரருக்கு இந்த மாசம் என்ன சொல்றது? எண்ணிக்கையைக் குறைச்சா போதுமா?

ஆலோசகர்_மதுரை | 13 பிப்ரவரி, மாலை 6:40

எண்ணிக்கையை மட்டும் குறைப்பவர் ஆழமாக இழுப்பார், பஞ்சு வரை பிடிப்பார். இருபதிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தாலும் நிகோடின் அந்த விகிதத்தில் குறையாது. நாள் குறித்து முழுதாக நிறுத்துவதே நல்லது. 45-54 வயதில் நிறுத்துபவருக்குத் தொடர்ந்து பிடிப்பவரைவிடச் சராசரியாக ஆறு வருடம் ஆயுள் கூடுகிறது, 35-44 வயதில் ஒன்பது. "இனிமே என்ன" என்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

விலை ஏறிய முதல் சில வாரங்களில் நிறுத்த நினைப்பவர்கள் அதிகம். அந்த நேரத்தில் கை கொடுக்காவிட்டால் பீடிக்குப் போய்விடுவார்கள். 1800-11-2356க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

நிகோடின் சூயிங்கம் வாங்குபவர்கள் செய்யும் தவறு, மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லுவது. மெதுவாகச் சில தடவை மென்று, காரம் அல்லது விறுவிறுப்பு தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அடங்கியதும் மறுபடி மெல்லணும். ஒன்று அரை மணி நேரம் வரும். தொடர்ந்து மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. டீயோடு சேர்த்தே சிகரெட் பிடித்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அவஸ்தை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அந்த நான்கு வாரமும் குடி மேசைப் பக்கமே போகக்கூடாது.

தென்காசிக்காரன் | 13 பிப்ரவரி, இரவு 9:25

பீடிக்காரருக்கு எத்தனை மில்லிகிராம்?

ஆலோசகர்_மதுரை | 13 பிப்ரவரி, இரவு 9:50

எண்ணிக்கையைவிட, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பதைக் கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் 4 மி.கி., அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். தாமதமாகத் தொடங்குபவருக்கு 2 மி.கி. போதும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு வாரத்தில் முடிக்கலாம். நெஞ்சுவலி, அண்மையில் மாரடைப்பு என்றால் எந்த அளவானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.